தேனின் பெயரால் ஒரு வாக்குறுதி

பழவேற்காட்டில் சமயீஸ்வரர் கோயிலும், மகிமை மாதா ஆலயமும், நிழல் கடிகாரம் உள்ள பள்ளிவாசலும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. இந்த மூன்று இடங்களிலும் வழிபடுகிறவர்களுக்குத் தேன் வெறும் இனிப்பு அல்ல. கோயிலில் அது அபிஷேகப் பொருள். பஞ்சாமிர்தத்தில் ஒரு பங்கு. திருக்குர்ஆனில் தேனீயின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது; தேனீயின் வயிற்றிலிருந்து வரும் பானத்தில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்கிறது அதன் 69ஆம் வசனம். விவிலியத்தில் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்கு அடையாளமே பாலும் தேனும்தான். இந்தக் கரைக்குத் தேன் வெளியூர்ச் சரக்கும் அல்ல. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவின் காட்டில், ராக்கெட் ஏவுதளம் வருவதற்கு முன்பு, தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்து வாழ்ந்தவர்கள் யானாதிகள். அதனால் கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியும் பிள்ளை இல்லை என்று ஓர் ஆண் தயங்கித் தயங்கிச் சொன்னால், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் முதலில் வருகிற யோசனைகளில் தேன் உண்டு. முருங்கை விதைப் பொடியில் குழைத்துச் சாப்பிடு, அமுக்கராவோடு சாப்பிடு, பேரீச்சம்பழத்தை ஊறவைத்துச் சாப்பிடு என்பார்கள். சாப்பிட்டால் தகப்பன் ஆவாய் என்பது அதற்குள் இருக்கும் வாக்கு. தேனைப் பற்றி வேதங்கள் சொன்ன நல்ல சொல் இந்த வாக்குக்குப் பிணை நிற்குமா என்பதுதான் கேள்வி. நிற்காது என்பது என் முடிவு. மருத்துவம் அப்படிச் சொல்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. சமயங்களே அப்படித்தான் சொல்கின்றன.

முதலில் எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். உணவே வித்தாகிறது என்ற எண்ணம் நம் மரபில் மிகப் பழையது. சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் பஞ்சாக்கினி வித்தை, ஆணை ஒரு தீயாகக் காண்கிறது. அதில் அன்னம் ஆகுதியாகிறது, அதிலிருந்து விந்து பிறக்கிறது. சித்த மருத்துவம் உடற்கட்டுகள் ஏழு என்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, கடைசியாக ஆணுக்குச் சுக்கிலம், பெண்ணுக்குச் சுரோணிதம். உண்ட சோறு படிப்படியாகத் திரிந்து கடைசியில் வித்தாகிறது என்பது இந்த வரிசையின் பொருள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது அவசரம். உடலின் வேறு எந்த மூலையில் கோளாறு வந்தாலும் அது கருவளத்தில் தெரியும் என்பதை இந்த வரிசை உணர்ந்திருக்கிறது. காய்ச்சல், சர்க்கரை நோய், உடல் பருமன், ஈரல் நோய் எல்லாம் விந்தணுவைப் பாதிக்கின்றன என்று இன்றைய மருத்துவம் சொல்வதும் அதையே. ஆனால் இந்தத் தத்துவத்தை முழுதாக ஏற்றுக்கொண்டால் ஒரு கரண்டித் தேனுக்கு அதில் தனி இடம் கிடைப்பதில்லை. ஏழு படிகளைக் கடந்து வர வேண்டிய ஒன்று, காலையில் நாக்கில் தடவிய ஒரு பொருளால் மட்டும் சீராகிவிடும் என்று அந்த மரபு சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் தேன் பெரும்பாலும் அனுபானம். மருந்தை உள்ளே கொண்டு சேர்க்கும் துணை. துணைக்கு வந்ததை மருந்தின் இடத்தில் உட்கார வைத்தது பின்னால் வந்த வணிகம்.

விந்தணு உருவாகும் விதத்தை அருகில் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விரையின் நுண்குழாய்களில் ஓர் அணு தொடங்கி முதிர்வதற்கு ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. பிறகு விரைமேல் நாளத்தில் சில நாள் தங்கித்தான் அது நீந்தக் கற்கிறது. ஆக, இன்று ஓர் ஆண் செய்யும் நல்லதோ கெட்டதோ அவன் விந்தில் முழுதாகத் தெரிய இரண்டரை மூன்று மாதம் வேண்டும். நம் பத்திய மருந்துக்கு வழக்கமான கணக்கு ஒரு மண்டலம், பொதுவாக 48 நாள். மண்டலம் முடிந்த அன்று பரிசோதித்து, தேன் பலித்தது என்றோ பலிக்கவில்லை என்றோ சொன்னால் இரண்டுமே தவறு. அன்று வெளிவரும் அணுக்கள் மருந்தைத் தொடுவதற்கு முன்பே உருவாகத் தொடங்கியவை. இன்னொரு வாதம் கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வருகிறது. விந்துநீரில் இருக்கும் முக்கியச் சர்க்கரை ஃபிரக்டோஸ், விந்தணு நீந்துவதற்கு அதுவே எரிபொருள், தேனில் நிறைந்திருப்பதும் ஃபிரக்டோஸ், ஆகவே தேன் விந்தணுவுக்கு நேரான உணவு என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. உடல் அப்படி வேலை செய்வதில்லை. விந்துப்பை, இரத்தத்தில் வரும் குளுக்கோஸைத் தானே ஃபிரக்டோஸாக மாற்றிக்கொள்கிறது. அந்தக் குளுக்கோஸ் சோற்றிலிருந்தும் வரும், கேழ்வரகுக் கூழிலிருந்தும் வரும். விந்தில் ஃபிரக்டோஸ் இல்லை என்று பரிசோதனையில் வந்தால், விந்துப்பை இல்லையா, பாதை அடைபட்டிருக்கிறதா என்றுதான் மருத்துவர் தேடுவார். தேன் குறைந்துவிட்டது என்று எழுத மாட்டார்.

தேனுக்குச் சாதகமாக ஆய்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. மலேசியாவில் துவாலாங் மரத்துத் தேனைச் சிகரெட் புகைக்கு ஆட்பட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புகையால் விரைக்கு வந்த சேதம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் எலியின் விரைத் திசுவிலிருந்து மனிதக் குழந்தையின் தொட்டில் வரை உள்ள தூரம் மிக நீளம். அந்தத் தூரத்தில் எத்தனை நம்பிக்கைகள் உதிர்ந்துபோகும் என்பதற்குத் துத்தநாகத்தின் கதை போதும். விந்து உற்பத்திக்குத் துத்தநாகம் தேவை என்பதில் ஐயம் இல்லை. அதை வைத்துத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரைகள் உலகெங்கும் விற்றன. அமெரிக்காவில் குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதிகளை எடுத்துக்கொண்டு, ஆண்களில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 34 சதவீதம் பேரின் வீட்டில் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரைக்காரர்களின் வீட்டில் 35 சதவீதம். மருந்து சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறு கூடுதலாக வந்ததுதான் மிச்சம். பொருள் நல்லது என்பதும், அதைத் தனியாக எடுத்துத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பதும் இரண்டு வேறு கூற்றுகள். இரண்டாவதற்குத் தனிச் சான்று வேண்டும். துத்தநாகத்துக்கு இவ்வளவு பெரிய சோதனை நடந்தது. தேனை நம்புகிறவர்களும் அதே அளவுகோலுக்குச் சம்மதிக்க வேண்டும்.

முழு உணவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் வேறு மாதிரி பேசுகின்றன. இவற்றை நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இவையும் எளிதில் விளம்பரமாகிவிடும். ஸ்பெயினில் 119 இளைஞர்களை வைத்து நடந்து 2018இல் வெளியான சோதனையில், 14 வாரம் நாளுக்கு 60 கிராம் பாதாம், அக்ரூட், ஹேசல் கொட்டைகள் சாப்பிட்டவர்களுக்கு விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் கூடியிருந்தன. அவர்கள் ஏற்கனவே ஆரோக்கியமானவர்கள். அங்கே எண்ணப்பட்டவை அணுக்களே தவிரக் குழந்தைகள் அல்ல. பழவேற்காட்டுக்கு நெருக்கமானது இன்னொன்று. மிச்சிகனிலும் டெக்சாஸிலும் ஏறத்தாழ 500 தம்பதிகளை ஓராண்டு பின்தொடர்ந்தபோது, வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இருவருமே மீன், இறால் வகைகள் சாப்பிட்ட வீடுகளில் 92 சதவீதத்தினர் கருவுற்றார்கள். குறைவாகச் சாப்பிட்ட வீடுகளில் 79 சதவீதம். மீன் வாங்கும் வசதியுள்ளவர்களுக்கு வேறு நன்மைகளும் இருந்திருக்கும் என்பதால் இதுவும் நிரூபணம் ஆகாது. ஆனாலும் பல நாட்டு ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: மீன், கீரை, பருப்பு, கொட்டைகள் ஒரு பக்கம், சர்க்கரைப் பானமும் பதப்படுத்திய இறைச்சியும் புகையிலையும் மிதமிஞ்சிய சாராயமும் மறு பக்கம். ஏரியின் வெள்ளை இறாலும் களி நண்டும் ஏற்றுமதிக்குப் போய்விட்டாலும் மடவையும் கிழங்கானும் குழம்புக்கு மிஞ்சுகின்றன. இப்படிப்பட்ட சிறு மீன்களில் பெரிய கடல் மீன்களைவிடப் பாதரசமும் குறைவாகச் சேரும். பீடியை நிறுத்திய மூன்று மாதமும் வீட்டு மீன் குழம்பும் கடையில் வாங்கும் எந்தச் சீசாவையும்விட மேலான சான்றைக் கையில் வைத்திருக்கின்றன. அதிலும் உறுதியாக வாக்களிக்க எவருக்கும் உரிமை இல்லை. அடைப்பையும், விரையைச் சுற்றிய சிரைச் சுருளையும், பிறவியிலேயே உள்ள குரோமோசோம் குறையையும், பொன்னுக்கு வீங்கி விரையில் இறங்கி விட்டுப்போன தழும்பையும் எந்தக் குழம்பும் சரிசெய்யாது.

எத்தனையோ பேருக்குத் தேன் சாப்பிட்டுப் பிள்ளை பிறந்திருக்கிறதே என்று கேட்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். தடையின்றிச் சேர்ந்து வாழும் இளம் தம்பதிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் முதல் வருடத்திலேயே கருவுறுகிறார்கள். மிஞ்சியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், ஒன்றும் செய்யாமலே, இரண்டாம் வருடத்தில் கருவுறுகிறார்கள். கவலை வருவதும் வைத்தியம் தொடங்குவதும் சரியாக இந்த இரண்டாம் வருடத்தில்தான். அப்போது கையில் தேன் இருந்தால் பெயர் தேனுக்கு, பிரார்த்தனை இருந்தால் பெயர் பிரார்த்தனைக்கு, மாத்திரை இருந்தால் பெயர் மாத்திரைக்கு. தேன் சாப்பிட்டும் பிறக்காதவர்கள் அதை ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. நம் காதுக்கு வரும் அனுபவம் எல்லாம் ஒரு பக்கத்துக் கதவு வழியாக மட்டும் வருகிறது.

இங்கே பக்தர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம்: வேதம் நிவாரணம் என்று சொன்னதை எலியும் புள்ளிவிவரமும் கொண்டு அளக்க நீ யார்? இந்தக் கேள்விக்கு இஸ்லாமிய மரபுக்குள்ளேயே மிகத் தெளிவான பதில் இருக்கிறது. 1377இல் முகத்திமா என்ற வரலாற்று நூலை எழுதிய இப்னு கல்தூன், நபிமொழிகளில் வரும் மருத்துவச் செய்திகள் அக்கால அரபு மக்களின் வழக்கத்தைச் சேர்ந்தவை, இறைச் செய்தியின் பகுதி அல்ல என்றார். நபி வந்தது மார்க்கத்தைக் கற்பிக்க, மருத்துவத்தைக் கற்பிக்க அல்ல என்பது அவர் வாதம். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டதே வயிற்றுநோய்க்குத் தேன் கொடுத்த செய்தியைத்தான். பக்தியோடு அருந்துகிறவனுக்கு அந்தப் பக்தியால் பயன் உண்டாகலாம், அது மருத்துவத்தின் கணக்கில் சேராது என்று பிரித்து வைத்தார். அந்த வாதத்துக்கு அவர் துணை கொண்டது பேரீச்ச மரம் பற்றிய நபிமொழியை. மதீனாவில் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்ப்பதைப் பற்றி நபி ஒரு கருத்துச் சொன்னார், மக்கள் அந்த வேலையை விட்டார்கள், காய்ப்பு குறைந்தது. உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்ற பொருளில் நபி பதில் சொன்னதாக ‘முஸ்லிம்’ என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஆண் வித்து எப்படிப் பலிக்கிறது என்ற கேள்வியில்தான், சரியாக அந்த இடத்தில்தான், மார்க்கத்துக்கும் அனுபவ அறிவுக்கும் நடுவே இந்த எல்லை போடப்பட்டது என்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. தேனீ வசனமும் சிந்திக்கும் மக்களுக்கு அதில் அத்தாட்சி உண்டு என்றுதான் முடிகிறது. விவிலியத்தின் நீதிமொழிகள் தேனைப் புகழ்ந்த கையோடு அளவுக்கு மிஞ்ச வேண்டாம் என்கிறது. மருந்துக்கென்று ஒரு முழு அதிகாரம் வைத்த வள்ளுவர், நோய் எது, அதன் காரணம் எது என்று தேடிய பிறகே தணிக்கும் வழியைப் பார்க்கச் சொல்கிறார். காரணத்தைத் தேடாமல் தேனை நீட்டுகிறவர் குறளுக்கும் கட்டுப்படவில்லை, வசனத்துக்கும் கட்டுப்படவில்லை.

சரி, பலிக்காவிட்டால் போகிறது, சாப்பிடுவதில் என்ன கெடுதல் என்பது அடுத்த கேள்வி. கெடுதல் உண்டு. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. விந்தணுவையும் தாம்பத்தியத்தையும் சேர்த்துக் கெடுக்கும் நீரிழிவு தமிழ்நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குவது தேன்தானா என்பதும் உறுதி இல்லை. 2020இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 நிறுவனத் தேன்களில் மூன்றே மூன்றுதான் எல்லாச் சோதனைகளிலும் தேறின. ஆண்மைக்கென்று விற்கும் தேன் இன்னும் மோசம். அப்படிப்பட்ட தேன் பொருள்களில் சில்டெனாபிலும் டடாலபிலும் மறைத்துக் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022இல் நான்கு நிறுவனங்களை எச்சரித்தது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதை அறியாமல் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. துருக்கியின் கருங்கடல் பக்கத்தில், வீரியத்துக்காக ஒருவகை மலைப்பூத் தேனைச் சாப்பிட்டு, நாடித்துடிப்பு விழுந்து மருத்துவமனைக்கு வருகிற நடுவயது ஆண்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், போகிற காலம். தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத ஆணின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். தேனையும் லேகியத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஐந்து வருடம் போனால் மனைவியின் கருமுட்டைகள் காத்திருப்பதில்லை.

மனைவி என்ற இடத்தில்தான் இது அறக்கேள்வி ஆகிறது. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பங்கு உண்டு என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட கணக்கு. கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டு, அரசமரத்தைச் சுற்றி, தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு தின்பது யார் என்று பார்த்தால் அந்தப் பாதி எங்கேயும் தெரிவதில்லை. பழங்கதைகளிலும் இதே நிலைதான். தசரதனுக்கு மூன்று தேவியர். மூவரிடமும் பிள்ளை இல்லை. பொதுவாக இருந்தவர் ஒருவரே. ஆனால் வேள்வித் தீயிலிருந்து வந்த பாயசத்தை உண்டவர்கள் தேவியர். (சாந்தை என்ற மகள் முன்பே இருந்தாள் என்று சில பாடங்கள் சொல்லும். ஒரு குழந்தைக்குப் பின் கருவளம் குன்றுவதும் ஆண்களுக்கு நேர்வதே.) லூக்கா நற்செய்தியில் செக்கரியாவுக்கும் எலிசபெத்துக்கும் பிள்ளை இல்லாததற்குச் சொல்லப்படும் காரணம் எலிசபெத்து. மகாபாரதத்தில் பாண்டு மட்டும் தன் இயலாமையைத் தானே குந்தியிடம் வாய் திறந்து சொல்கிறான். அந்த ஒரு நேர்மைக்காகவே அவனை நான் மதிக்கிறேன். பாண்டுவைப் போல வாய் திறக்க இங்கே ஆண்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. கரையோர ஊர்களில் ஊர்வரி தலைக்கட்டுக் கணக்கில் வருகிறது. குடும்பஸ்தனான ஆண் ஒரு தலைக்கட்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் ஏரியில் முறைவைத்து வலை கட்டும் ‘பாடு’ உரிமையும் தகப்பன் வழியாகவே இறங்குகிறது. பிள்ளை இல்லாதவன் என்ற பெயர் அங்கே வலையின் முறைவரை தொடுகிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தை மறைக்கத் தேன் உதவும்போது, அது கணவனுக்கு மருந்தாக அல்ல, மறைப்பாகவே பயன்படுகிறது. அவன் வைத்தியம் செய்துகொண்டிருக்கிறான் என்று வீட்டில் ஒரு நிம்மதி, குறை அவளிடம்தான் என்று ஊரில் ஒரு முடிவு. புனிதமான ஒரு பொருளை ஒரு பெண்மேல் விழும் பொய்ப்பழிக்குத் திரையாக்குவதை எந்தச் சமயமும் பொறுக்கக் கூடாது.

உணவே வித்தாகிறது என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு ஒன்றும் இருக்கிறது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெயும் பரவியது. எண்ணூரையும் பழவேற்காட்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் உண்டு. ஈயம் விந்தணுவைக் குறைக்கிறது என்பது ஈயத்தோடு வேலை செய்யும் தொழிலாளர்களிடம் உறுதியான செய்தி. இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடும் இருளர் பெண்களுக்கும், அதே நீரில் வலை கட்டி நிற்கும் ஆண்களுக்கும் இந்த நீர் உணவு மட்டும் அல்ல, உடம்பின் மேல் நாள் முழுவதும் படும் பொருள். அன்னத்தின் தூய்மையைப் பற்றி இத்தனை நூல்கள் வைத்திருக்கும் மரபு, இந்தக் கரை ஆண்களின் விந்தையும் இந்த ஏரியின் மீனையும் சேர்த்து ஆராயச் சொல்லி அரசைக் கேட்டிருக்க வேண்டும். சீசாவில் தேன் வாங்கச் சொல்வது அந்தக் கேள்வியை ஒரு தனி ஆணின் வாய்க்குள் அடக்கிவிடுகிறது.

கடைசியாக ஓர் ஆட்சேபம். பரிசோதனைக்கு விந்து எடுப்பது வெட்கம், சிலருக்குப் பாவம். இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது; கூச்சத்தால் மருத்துவமனை வாசலிலிருந்து திரும்பியவர்கள் நிறைய. ஆனால் சமயங்கள் இதற்கும் வழி யோசித்திருக்கின்றன. மருத்துவத் தேவைக்கு மனைவியின் துணையோடு எடுக்கலாம் என்று பல இஸ்லாமிய அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். தாம்பத்திய உறவின்போதே, கருவுறும் வழியை முழுதாக அடைக்காத துளையிட்ட உறையில் சேகரிக்கும் முறையைக் கத்தோலிக்க அறநூலார் பலர் ஏற்கிறார்கள். பரிசோதனை சொல்வதும் விதியின் தீர்ப்பு அல்ல. மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணு என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கொடுத்த கீழெல்லை, தகப்பன் ஆனவர்களின் அணு எண்ணிக்கையிலிருந்து எடுத்த ஓர் அளவுகோல். அதற்குக் கீழே இருந்தும் தகப்பன் ஆனவர்கள் உண்டு. இரண்டு மூன்று நாள் விலகியிருந்து, ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டு வந்தால் போதும். குறை தெரிந்தால் சில மாதம் கழித்து மறுமுறை பார்ப்பார்கள். பெண்ணுக்குச் செய்யும் கருக்குழாய்ப் பரிசோதனையின் வலியோடும் செலவோடும் ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆகவே நேர்த்திக்கடனுக்காக வருகிற தம்பதியிடம் பூசாரியும் பங்குத்தந்தையும் இமாமும் முதலில் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: கணவர் பரிசோதனை செய்துகொண்டாரா? இல்லை என்றால், அபிஷேகத் தேனைப் பிரசாதமாகக் கையில் கொடுத்து, அதை மருந்து என்று சொல்லாமல், அவரைச் சென்னைக்குப் பேருந்து ஏற்றி அனுப்பட்டும். அவள் தொட்டில் கட்டுவது அவர் திரும்பி வந்த பிறகு இருக்கட்டும்.